ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப்படை

கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம் எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறையில் ஒரு சிறு வாக்குவாதம் நிகழ்ந்தது. வணிகவியல் துறையின் இளம் ஆசிரியை ஒருவர், இரண்டு பிள்ளைகளையும் மாமனாரையும் அழைத்துக்கொண்டு, கைக்காசு கரையாமல் இந்தச் சென்னையில் எங்கே போய்வரலாம் என்று கேட்டார். கேட்டது தமிழ் படித்தவளிடம் என்பதால் நான் உடனே ஆற்றுப்படை பாடத் தொடங்கிவிட்டேன். பரிசில் பெற்று மீள்பவன், எதிரே வரும் வறியவனிடம், 'இன்ன வழியே போ, இன்னாரைக் காண்' என்று சொல்வதுதானே அந்த இலக்கிய வகை. நானும் எழும்பூர் அருங்காட்சியகம், கோட்டூர்புரம் நூலகம், மெரினா, எங்களூர் மாசிலாமணீசுவரர் கோயில் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

அப்போது மூத்த ஆசிரியர் ஒருவர் நாளிதழிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஓசியில விட்டா எதுவும் உருப்படாது மேடம். ஆளுக்கு ஐம்பதோ நூறோ வெச்சாத்தான் தராதரம் பார்த்து ஆளுங்க வருவாங்க. இடமும் சுத்தமா இருக்கும்."

அறையில் பெரும்பாலோர் தலையசைத்தனர். முனைவர் பட்டம் பெற்றவர்கள், அவர்களுள் இருவர் சிற்றிதழ்ச் சந்தாதாரர்கள். அந்தத் தலையசைப்புதான் இந்தக் கட்டுரையை எழுதவைக்கிறது. மூத்தவரின் பேச்சை மட்டும் கேட்டிருந்தால் வீட்டுக்குப் போய் மறந்திருப்பேன்.

முதலில் அந்தச் சொல். 'ஓசி' கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சொல் என்று ஒரு கதை வழங்குகிறது. கம்பெனி அலுவலாகப் போகும் கடிதங்களுக்கு அஞ்சல் கட்டணம் கிடையாதாம். 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்பதன் முதலெழுத்துகள் நம் நாவில் 'ஓசி' ஆயினவாம். சொற்பிறப்பியலுக்கு நான் பிணை நிற்க மாட்டேன். ஆனால் கதை உண்மையானால் அதில் ஒரு நகைச்சுவை உண்டு: அதிகாரம் உள்ளவன் தனக்கு எடுத்துக்கொண்ட சலுகையைக் குறித்த சொல், இன்று அதிகாரம் ஏதுமற்றவரை இளக்காரம் செய்யப் பயன்படுகிறது. 2021 மே மாதம் தமிழகத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே அமைச்சர் ஒருவர் அந்தப் பயணத்தைக் குறிக்க இச்சொல்லை மேடையில் பயன்படுத்தி, பெருஞ்சர்ச்சையானது. நானும் என் மகளும் மாமியாரும் அப்பேருந்தில் கட்டணமின்றி ஏறுகிறோம். கணவரும் மகனும் சீட்டு வாங்குகிறார்கள். எங்கள் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் திருமுல்லைவாயிலைத் தாண்டி நீண்டதில் அந்த மூன்று பூச்சியச் சீட்டுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. நடத்துநர் அவற்றைக் கிழித்துத் தரும்போது ஒருமுறைகூட நான் கூசியதில்லை. கூச வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் பேருந்தில் வருவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 'ஆளுக்கு ஐம்பதோ நூறோ' என்பது வாயளவில் எளிது. எங்கள் வீட்டில் பெரியவர் மூவர், பிள்ளைகள் இருவர். 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில், செம்மொழிப் பூங்காவுக்கு எதிரே, கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. அப்போது அறிவிக்கப்பட்ட நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50. ஆக, வாசலைத் தாண்ட 400 ரூபாய். உள்ளே பறவைக்கூடத்துக்குத் தனியே 150, 75, அது 600. இரண்டையும் கூட்டினால் ஆயிரம். கம்பியில் தொங்கிச் செல்லும் சவாரியை நான் சேர்க்கவே இல்லை, பிள்ளைகள் சேர்த்துக்கொள்வார்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவில் 2023இல் பெரியவருக்கான கட்டணம் 200 ஆக உயர்ந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு இவையெல்லாம் ஒன்றிரண்டு நாள் உழைப்பு. அதைக் கொடுத்து அவர் காணப்போவது ஒரு மரத்தையும் சில கிளிகளையும்.

தராதரம் பார்ப்பது என்பது இதைத்தான். நுழைவுச்சீட்டு குப்பையைத் தடுப்பதில்லை. அது ஆளைத்தான் தடுக்கிறது.

திருமுல்லைவாயிலிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் அது சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் போய் நிற்கும். இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தாம் கால்வைப்பது ஒரு பழைய பூங்காவின் மண்ணில் என்று தெரியும்? 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் காலத்தில் உருவானது 'பீப்பிள்ஸ் பார்க்', மக்கள் பூங்கா. ஏறத்தாழ 116 ஏக்கர் என்பார்கள். குளங்களும் நடைபாதைகளும் இசைமேடையும் பின்னர் விலங்குக் காட்சிசாலையும் கொண்டது. அதன் நிலத்தில் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன: விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம், விளையாட்டரங்கம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அவ்விடத்தில் ரயில் முனையம் எழுந்தது. அதே ஆண்டில் விலங்குகள் வண்டலூரில் திறந்த புதிய பூங்காவுக்கு உரியவை ஆயின. இன்று எஞ்சியிருப்பவை 'பார்க்' என்றொரு ரயில் நிலையம், 'பார்க் டவுன்' என்றொரு அஞ்சல் முகவரி, மை லேடீஸ் பூங்கா என்றொரு துண்டு. இவற்றுள் எதையும் வீண் கட்டடம் என்று சொல்ல மாட்டேன். அந்த முனையம் இல்லையேல் நான் நகருக்குள்ளேயே வர முடியாது. ஆனால் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பொது நிலம், ஒவ்வொரு முறையும் நியாயமான ஒரு காரணத்துக்காகக் கரைந்து, இறுதியில் பெயர்ப்பலகையாக மட்டும் மிஞ்சிய வரலாற்றை, 'ஓசியில் விட்டால் உருப்படாது' என்பவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். அந்தப் பூங்காவை அழித்தவர்கள் அங்கே வந்து உட்கார்ந்த ஏழைகள் அல்லர்.

இது பழங்கதை என்று ஒதுக்குவோருக்கு அண்மைக்கதை ஒன்று. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம், செயற்கைப்புல் பதித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆடுகிறவர் தலைக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. நாளுக்கு ஒரு மணி நேரம், மாதத்தில் 25 நாள் ஆடும் ஒரு பையனுக்கு 3,000 ரூபாய். வடசென்னையில் கால்பந்து எத்தகைய வாழ்க்கை என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணின் கொடுமை புரியும். எதிர்ப்பு கிளம்பியது, சில நாள்களிலேயே தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. இங்கே தமிழாசிரியையின் குறுக்கீடு ஒன்று: மன்றம் என்ற சொல்லுக்குச் சங்க நூல்களில் ஊரின் பொதுவிடம் என்று பொருள். மரநிழலில் ஊரார் கூடிய திறந்தவெளி அது. திடலுக்குக் கட்டணம் விதித்த அவைக்கும் நாம் 'மன்றம்' என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

மூத்த ஆசிரியரின் கட்சியில் உண்மையே இல்லை என்று வாதிட மாட்டேன். உடைந்த ஊஞ்சல்களை நானும் பார்த்திருக்கிறேன். ஊஞ்சலின் சங்கிலி ஒருபக்கம் அறுந்து தொங்க, என் மகன் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி இன்னும் நெஞ்சில் இருக்கிறது. ஆனால் அது அறுந்தது பிள்ளைகள் ஆடியதால். ஊஞ்சல் ஆடுவதற்குத்தான். அறுந்ததை மாட்ட ஆள் இல்லை என்பது வேறு வழக்கு. அதற்கான தண்டனையைப் பிள்ளைகளிடம் வசூலிப்பது நியாயமாகாது.

அவருடைய வாதத்துக்கு நேர்விடை கோட்டூர்புரத்தில் ஒன்பது தளங்களாக நிற்கிறது. அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே யாரும் உங்களிடம் எதையும் வாங்கச் சொல்வதில்லை. சிறுவர் பகுதியில் ஒரு செயற்கை மரம். அதைச் சுற்றிப் பிள்ளைகள் தரையிலேயே உட்கார்ந்து படிக்கிறார்கள். பார்வையற்றோருக்குப் பிரெயில் பகுதி. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கென்று தனி இடம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலிருந்து மாலைவரை அங்கே அமர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுள் பலரின் வீட்டில் தனியறை இராது, மின்விசிறிகூட ஒன்றே இருக்கும். அத்தனை பேர் கூடும் இடத்தில் நிலவும் அமைதியை, சீட்டு வாங்கி நுழையும் எந்தத் திரையரங்கிலும் நான் கண்டதில்லை.

அந்த நூலகத்துக்கு ஆபத்து வந்தது வாசகர்களால் அன்று. 2011 நவம்பரில், திறந்து பதினான்கு மாதமே ஆன நிலையில், அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அன்றைய அரசு அறிவித்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்த்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கட்டடம் தப்பியது. ஆனால் அதற்குப் பின் பல ஆண்டுகள் அது புறக்கணிக்கப்பட்ட பிள்ளையாகவே கிடந்தது.

ஏன் இப்படி? இங்கேதான் என் அடிப்படை முரண்பாடு இருக்கிறது, மூத்தவரோடு மட்டுமின்றி என் ஆற்றுப்படையோடும். ஆற்றுப்படை என்பது புரவலன் ஒருவனை நோக்கி நடத்தும் பாட்டு. அங்கே கிடைப்பது கொடை. கொடுத்தவன் போனால் கொடையும் போயிற்று. நம் நகரத்தின் கட்டணமில்லா இன்பங்கள் அனைத்தும் இன்றும் இந்தப் பரிசில் மரபிலேயே வழங்கப்படுகின்றன. 'சென்னை சங்கமம்' 2007இல் தொடங்கியது. பொங்கலை ஒட்டிப் பூங்காக்களிலும் கடற்கரையிலும் தெருக்களிலும் பறையும் கரகமும் தெருக்கூத்தும். நாட்டார் கலைஞர்களைக் காட்சிப்பொருளாக்குகிறார்கள் என்று அன்று கடிந்துகொண்டவர்களில் நானும் ஒருத்தி. இன்று அந்தக் கண்டிப்பில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். ஏனென்றால் 2011இல் ஆட்சி மாறியபின் அது நின்றது, 2023இல்தான் மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த என் பிள்ளைகள், பறையொலியைத் தொலைக்காட்சியில்தான் கேட்டார்கள். கலைஞர்களின் கண்ணியம் பற்றி எழுதிய நாங்கள் யாரும் அந்தப் பன்னிரண்டு ஆண்டு மௌனத்தைப் பற்றி எழுதவில்லை.

கொடை என்று நினைக்கும்வரை தருபவன் கைவிட்டுப்போகும். உரியது என்று அறிந்தால் கேட்கலாம். உரியது என்பதற்குச் சான்று வேண்டுமா? வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் நெடுங்கால உழைப்பும், அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் ஈடுபாடும் அதன் பின்னே நின்றன. அச்சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரி வசூலாகிறது. தொடக்கத்தில் ரூபாய்க்கு மூன்று காசு. இன்று பத்துக் காசு. சொந்த வீடு இல்லாதவரும் வாடகை வழியே அதைச் செலுத்துகிறார். திருமுல்லைவாயிலில் ஒற்றை அறையில் குடியிருக்கும் பூக்காரம்மா கோட்டூர்புரத்து ஏழாம் தளத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறார். அவர் உள்ளே நுழைவது ஓசியா? வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நூலகத்துறைக்கு ஒழுங்காகச் செலுத்துவதில்லை என்ற முறையீடு நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஓசி என்ற சொல்லைப் பயன்படுத்தத் தகுந்த இடம் ஒன்று வேண்டுமென்றால் அங்கே தேடலாம்.

இனி நம் பக்கத்துக் குற்றம். இலக்கிய வாசகர்களாகிய நமக்கு வணிக வளாகம் என்றால் ஒவ்வாமை. ஞாயிறு மாலை அங்கே நகர்படியில் ஏறியிறங்கும் குடும்பங்களைப் பார்த்து, நுகர்வுக் கலாச்சாரம், உலகமயமாதல் என்று எத்தனை கட்டுரை எழுதியிருப்போம்! சென்ற ஆண்டு என் முதலாமாண்டு மாணவர்களிடம், குடும்பத்தோடு சென்றுவந்த ஓரிடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பாதிப்பேர் வணிக வளாகத்தைப் பற்றி எழுதினார்கள். வாங்கிய பொருளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஏனெனில் ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. குளிர்ச்சியாக இருந்தது, பாட்டியை உட்காரவைக்க இடம் இருந்தது, கழிப்பறை சுத்தமாக இருந்தது. ஒரு மாணவி எழுதியிருந்தாள்: அம்மா வெளியே கிளம்பினால் தண்ணீரே குடிக்க மாட்டார், அங்கே போகும் நாளில் மட்டும் குடிப்பார்.

அந்த வரிக்குமேல் என்னால் அன்று திருத்த முடியவில்லை.

அவளுடைய தாயை வணிக வளாகத்துக்கு அனுப்பியது உலகமயம் என்று சொல்வது நமக்கு வசதி. பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறைதான் அனுப்பியது. என் மாமியாருக்கும் மெரினா பிடிக்கும். 1880களில் கிராண்ட் டஃப் அமைத்த உலாச்சாலையிலிருந்து இன்றுவரை அங்கே அலை பார்க்க யாரும் காசு கேட்டதில்லை. 2022இல் மாற்றுத்திறனாளிகளுக்கென அலையருகே மரப்பாதை அமைத்தது உண்மையிலேயே நற்செயல். சக்கர நாற்காலியில் வந்த முதியவர் ஒருவர் அங்கே கடலைப் பார்த்துக் கைகூப்பியதைக் கண்டேன். ஆயினும் ஆறு மணிக்குமேல் மாமியார் 'கிளம்பலாமா' என்று கேட்கத் தொடங்கிவிடுவார். காரணத்தைச் சொல்ல மாட்டார். இந்நகரத்தில் பெண்கள் சொல்லாமல் கிளம்பிவரும் மாலைப்பொழுதுகளைப் பற்றி எந்த நவீனத்துவக் கவிதையும் என் கண்ணில் படவில்லை.

குடும்பத்தோடு போகத் தகுந்த இடத்துக்கு என்ன வேண்டும்? உட்கார நிழல், குடிக்கத் தண்ணீர், கூச்சமின்றிப் போகக் கழிப்பறை, கட்டுச்சோற்றைப் பிரித்தால் விரட்டாத காவலாளி. கம்பிச் சவாரியும் கண்ணாடி மாளிகையும் இவற்றுக்குப் பின்னர் வரட்டும். பொது இடத்தைக் கேட்பவர்கள் சொர்க்கலோகம் கேட்கவில்லை.

இவையெல்லாம் ஓரளவு கிடைக்கும் இடம் எங்களூரில் கோயில்தான். தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி சிக்கவைத்த கதை, அதை அவன் வாளால் வெட்ட, இலிங்கத்திலிருந்து குருதி பெருகிய கதை, அதனால் இன்றும் இறைவனுக்குச் சந்தனக்காப்பு என்பது. குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவையாகச் சொல்லப்படும் இரு எருக்கந்தூண்கள். வழக்கமாக இறைவனைப் பார்த்திருக்கும் நந்தி இங்கு வாசலை நோக்கிப் போருக்குப் புறப்பட்ட கோலத்தில் இருப்பது. ஒரு பிள்ளைக்கு ஒரு மாலைநேரம் முழுவதும் கேள்வி கேட்க இவை போதும். எருக்கஞ்செடி எப்படித் தூண் ஆகும் என்று என் மகன் கேட்டதற்கு இன்னும் நான் விடை தேடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடினால் மேலூர்த் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், எங்கள் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் கண்டுவரும் கூட்டம் நிறைந்துவிடும். அது பக்தியா, சுற்றுலாவா என்று பிரித்துப் பார்ப்பது வீண்வேலை. வெளியே போக வேறு சாக்கு கிடைக்காத தலைமுறைப் பெண்கள் கண்டுபிடித்த நாள்முழுப் பயணம் அது.

ஆனால் கோயிலைப் பொதுவிடம் என்று காட்டி முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்த பிறகுதானே சட்டப்படி எல்லா இந்துக்களுக்கும் அக்கதவு திறந்தது. என் வகுப்பில் இருக்கும் இசுலாமிய மாணவிக்கு அந்த எருக்கந்தூண் இன்றும் என் வாய்மொழிதான். சங்ககால மன்றமும் பொதியிலும் அனைவருக்கும் திறந்திருந்தன என்று மேடையில் முழங்குவோர், யார் நிழலில் அமர்ந்தார்கள், யார் விலகி நின்றார்கள் என்று கேட்டுப் பார்ப்பதில்லை. பொது என்பது நம் மரபில் தானாக இருந்த ஒன்று என்ற பெருமிதம் வேண்டாம். அது கிடைத்த இடத்திலெல்லாம் யாரோ கேட்டுத்தான் கிடைத்தது.

எழும்பூரைப் பற்றி ஒரு சொல். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம். நாங்கள் சென்றபோது பெரியவருக்கு 15 ரூபாய். முற்றிலும் இலவசம் என்று என் பட்டியலில் தவறாகச் சொல்லிவிட்டேன், ஆசிரியை பொறுத்தருள்க. படிமக்கூடத்தில் நிற்கும் திருவாலங்காட்டு நடராசரின் ஊர், எங்கள் ரயில் பாதையிலேயே மேற்கே இருக்கிறது. அவரும் எங்களைப் போல அரக்கோணம் மார்க்கத்தில் நகருக்கு வந்தவர் என்றதும் பிள்ளைகளுக்கு அவர்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. இந்தச் சொந்தத்துக்கு 15 ரூபாய் கேட்பதையே நான் எதிர்ப்பேன் என்றால் மிகை என்பீர்கள். சரி, எதிர்க்கவில்லை. 15 எப்போது 100 ஆகும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தது. இளம் ஆசிரியை, மாமனாரையும் பிள்ளைகளையும் கோட்டூர்புரத்துக்கு அழைத்துப் போயிருந்தாராம். மாமனார் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் நின்றவர். வாசலில் செருப்பைக் கழற்றப் போனாராம். உள்ளே போக என்ன கொடுக்க வேண்டும் என்று காவலாளியிடம் இருமுறை கேட்டாராம். ஒன்றும் வேண்டாம் என்றதும், மாலைவரை நாளிதழ்களோடு அமர்ந்துவிட்டார். பிள்ளைகளை மரத்தடியிலிருந்து எழுப்பத்தான் பெரும்பாடாம்.

ஆசிரியை இதைச் சொல்லும்போது மூத்தவரும் அறையில் இருந்தார். இம்முறை நாளிதழை மடித்து வைத்தார். "அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.